படிகாரம் காரமா? – அமிலமும் காரமும் பற்றி ஒரு பாடம்



படிகாரம் காரமா, அமிலமா? இவ்வினாவைத் திடீரென்று கேட்டால் நம்மில் பலர் ‘காரம்’ என்றே விடை கூறுவர். பெயரிலேயே காரம் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். ஆனால் படிகாரம் கரைந்த நீரில் நீல லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள். தாள் சிவப்பாக மாறும். அதாவது, அந்நீர் அமிலத்தன்மை உடையது. பொற்கொல்லர் பயன்படுத்தும் வெண்காரத்தை நீரில் கரைத்தாலோ சிவப்பு லிட்மஸ் நீலமாகும். அது பெயருக்கேற்பக் காரத்தன்மை உடையதே. இன்னொன்று, மிளகாய். “இன்று குழம்பில் காரம் அதிகம்” என்கிறோம். மிளகாயின் உறைப்புக்குக் காரணம் கேப்சைசின் என்னும் பொருள். அது நீரில் எளிதில் கரையாது. வேதியியல் கூறும் காரங்களின் வகுப்பைச் சேர்ந்ததும் அன்று.

ஒரே சொல், மூன்று பொருள்கள்! ஆகவே அமிலம், காரம் என்ற பாடத்தில் நாம் முதலில் கற்க வேண்டியது, பெயரைக் கேட்டு முடிவு செய்யலாகாது என்பதே. சோதித்து அறிதல் வேண்டும். அவ்வாறு அறிவது தேர்வில் மதிப்பெண் பெறுவதற்கு மட்டுமன்று. நம் கண்ணையும் கையையும் காத்துக்கொள்வதற்கும் உதவும் என்பதை இக்கட்டுரையின் முடிவில் காண்போம்.

நாவை நம்பலாமா?

முற்காலத்தார் நாவினாலேயே பொருள்களைப் பிரித்தனர். புளிப்பவை அமிலங்கள், கசந்து, தொட்டால் வழுவழுப்பாக இருப்பவை காரங்கள். இலத்தீன் மொழியில் ‘அசிடஸ்’ என்றால் புளிப்பு. ‘அசிட்டம்’ என்றால் காடி. ‘ஆசிட்’ என்ற ஆங்கிலச் சொல்லும், காடியில் உள்ள அசிட்டிக் அமிலத்தின் பெயரும் இவ்வழியே வந்தவை. சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவருக்குக் கடற்பஞ்சில் தோய்த்துக் கொடுக்கப்பட்டதும் புளித்த திராட்சை இரசமே. திராட்சை இரசம் காற்றுப்பட்டுப் புளிக்கும்போது அதிலுள்ள சாராயச் சத்து அசிட்டிக் அமிலமாக மாறிவிடுகிறது.

நம் சமையலறை ஓர் அமிலச்சாலை என்றே சொல்லலாம். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம் உள்ளன. முதல் நாள் இரவு அரைத்து வைத்த இட்லி மாவு மறுநாள் காலை புளித்திருப்பதும் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய அமிலங்களாலேயே. காரங்களும் அங்கு உண்டு. சமையல் சோடா மென்மையான காரத்தன்மை உடையது. சோப்பு அதைவிட மிகுந்தது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் உள்ள சுண்ணாம்போ வலிமையான காரமாகும்.

ஆனால் நாவினால் சோதிக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். புளியையும் எலுமிச்சையையும் சுவைக்கலாம். கந்தக அமிலத்தையும் எரிசோடாவையும் சுவைக்க முயன்றவர் நாவையே இழப்பர். ஆய்வுக்கூடத்தில் எப்பொருளையும் சுவைத்துப் பார்த்தல் கூடாது.

பூக்கள் கூறும் சாட்சி

நாவுக்குப் பதிலாக நமக்குக் கண் இருக்கிறது. 1664ஆம் ஆண்டில் ராபர்ட் பாயில் என்ற அறிஞர், வயலட் பூக்களின் சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை எழுதி வெளியிட்டார். இவ்வாறு நிறமாற்றத்தால் அமில, காரத் தன்மையைக் காட்டும் பொருள்களை நிறங்காட்டிகள் என்கிறோம். நாம் பயன்படுத்தும் லிட்மஸும் லைக்கன் என்னும் உயிரினத்திலிருந்து எடுக்கப்படும் சாயமே.

வயலட் பூவைத் தேடி நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. பூவின் பெயரையே தன் பெயரில் தாங்கி நிற்கும் பூவிருந்தவல்லி நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், போரூர் பகுதிகளில் செம்பருத்தி இல்லாத தோட்டம் அரிது. ஐந்தாறு செம்பருத்திப் பூக்களின் இதழ்களைக் கிள்ளி வெந்நீரில் ஊற வைத்து வடிகட்டுங்கள். அச்சாற்றைச் சிறு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சைச் சாறும் மற்றொன்றில் சோப்பு நீரும் சில துளிகள் விடுங்கள். முதலாவது இளஞ்சிவப்பாகும், இரண்டாவது பச்சை நிறத்தை அடையும்.

இதைவிட எளிய நிறங்காட்டி மஞ்சள் தூள். மஞ்சளை நீரில் குழைத்து வடிதாளிலோ வெள்ளைக் காகிதத்திலோ பூசி நிழலில் உலர்த்தி, கீற்றுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தாள் காரத்தில் செம்பழுப்பாக மாறும். அமிலத்திலும் தூய நீரிலும் மஞ்சளாகவே இருக்கும். வெள்ளைச் சீருடையில் சாம்பார் சிந்திய இடத்தில் சோப்பு போட்டவுடன் கறை சிவந்து போவதைக் கண்டு திகைத்திருப்பீர்கள். அது புதுக்கறை அன்று. சோப்பிலுள்ள காரம் மஞ்சளின் நிறத்தை மாற்றியதே காரணம். நன்றாக அலசியதும் மீண்டும் மஞ்சள் நிறம் திரும்பும். மணமக்களை வரவேற்கவும், பங்கிற்கு வரும் ஆயரை வரவேற்கவும் நாம் எடுக்கும் ஆரத்தி நீரும் இதே வேதியியல்தான். மஞ்சளோடு சிறிது சுண்ணாம்பு சேர்ந்தவுடன் நீர் செந்நிறமாகிறது.

ஆயினும் மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு. அது காரத்தை மட்டுமே காட்டிக் கொடுக்கும். அமிலத்தையும் தூய நீரையும் பிரித்துக் காட்டாது. செம்பருத்தியோ லிட்மஸோ இரண்டையும் காட்டும். எனவே ஒரு சாட்சியின் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறாமல் இரண்டு நிறங்காட்டிகளைக் கொண்டு சோதிப்பது நன்று.

காரணம் என்ன?

புளிப்புக்கும் நிறமாற்றத்துக்கும் காரணம் யாது? வேதியியலின் தந்தை எனப் போற்றப்படும் லவாய்சியர், எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் இருப்பதாக எண்ணினார். ‘ஆக்சிஜன்’ என்ற பெயருக்கே ‘அமிலத்தை உண்டாக்குவது’ என்று பொருள். ஆனால் 1810ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி, நாம் இன்று ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று கூறும் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று காட்டினார். அதில் இருந்தவை ஹைட்ரஜனும் குளோரினும் மட்டுமே. தவறான பெயர் மட்டும் இன்றளவும் நிலைத்துவிட்டது. படிகாரத்தைப் போலவே ஆக்சிஜனுக்கும் பெயர் ஒன்று, இயல்பு வேறு!

1884ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இளைஞர் ஸ்வாந்தே அர்ரீனியஸ் தம் ஆராய்ச்சியை உப்சாலா பல்கலைக்கழகத்தில் அளித்தார். சில பொருள்கள் நீரில் கரையும்போது மின்னேற்றம் பெற்ற சிறு துகள்களாக, அதாவது அயனிகளாகப் பிரிகின்றன என்பது அவர் கருத்து. ஆசிரியர்களுக்கு அது நம்பத்தகாததாகத் தோன்றியது. மிகக் குறைந்த தகுதித் தரம் தந்தே அதை ஏற்றுக்கொண்டனர். அவரோ மனம் தளரவில்லை. அதே கருத்துக்காக 1903ஆம் ஆண்டில் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குறைந்த மதிப்பெண் பெற்று வருந்தும் மாணவியர் இதை நினைவில் கொள்ளலாம்.

அர்ரீனியஸ் கூறிய விளக்கம் இதுவே: நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனிகளைத் தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனிகளைத் தருவது காரம். நீரில் கரையக்கூடிய காரங்களை எரிகாரங்கள் என்றும் கூறுவோம். 1923இல் பிரான்ஸ்டெட், லௌரி என்ற இருவர் இக்கருத்தை மேலும் விரித்தனர். அமிலம் புரோட்டானைக் கொடுப்பது, காரம் அதை ஏற்பது என்று அவர்கள் வகுத்தனர். ஹைட்ரஜன் அயனி என்பதும் ஒரு புரோட்டானே ஆதலால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

எவ்வளவு அமிலம்? எவ்வளவு காரம்?

எலுமிச்சையும் அமிலம், பாலும் சிறிது அமிலம் என்றால் இரண்டுக்கும் வேறுபாட்டை எப்படிக் கூறுவது? 1909ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணிபுரிந்த சோரன்சன் இதற்கு ஓர் அளவுகோலை வகுத்தார். அதுவே பி.எச். அளவு.

நம் தமிழ் எண்முறையில் இதை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தூய நீரில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள், ஒரு மோலில் கோடியில் ஒரு பங்கு. கோடி என்று எழுத எத்தனை சுழியம் வேண்டும்? ஏழு. ஆகவே தூய நீரின் பி.எச். 7. எலுமிச்சைச் சாற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, நூற்றுக்கு இரண்டு சுழியம், ஆகவே பி.எச். ஏறத்தாழ 2. தெளிந்த சுண்ணாம்பு நீரிலோ ஹைட்ரஜன் அயனிகள் மிகமிக அருகிவிடும். இலட்சம் கோடியில் ஒரு பங்குதான், பன்னிரண்டு சுழியம், பி.எச். ஏறத்தாழ 12. ஆகவே 7க்குக் கீழே அமிலம், 7க்கு மேலே காரம், 7 நடுநிலை. ஒவ்வோர் எண் இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு பெருகுகிறது என்பதை மறவாதீர்கள். பி.எச். 5 உள்ள நீரைவிட 3 உள்ள நீர் இரு மடங்கு அன்று, நூறு மடங்கு அமிலத்தன்மை மிக்கது.

பாலின் பி.எச். ஏறத்தாழ 6.6; அது தயிரானதும் 4.5க்கு அருகில் இறங்குகிறது. சமையல் சோடாக் கரைசல் 8க்குச் சற்று மேல். தூய்மையான மழைநீர்கூட 7 அன்று. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைவதால் ஏறத்தாழ 5.6. நம் இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது, அங்கே பி.எச். 2 அளவில் இருக்கும். இரத்தமோ 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்கிறது. இவ்வெல்லையைச் சற்றே தாண்டினாலும் உடல் நலம் கெடும். மூச்சு விடும்போது கார்பன் டைஆக்சைடை வெளியேற்றியும், சிறுநீரகங்களின் வாயிலாகவும், நம் உடல் நாம் அறியாமலே இவ்வளவைக் காத்து வருகிறது. படைத்தவரின் ஞானத்தை எண்ணி வியக்க இது ஒன்று போதாதா?

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வலிமை வேறு, செறிவு வேறு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீரில் ஏறக்குறைய முழுவதும் அயனிகளாகப் பிரியும். ஆதலால் அது வலிமைமிகு அமிலம். காடியிலுள்ள அசிட்டிக் அமிலத்தில் நூறு மூலக்கூறுகளில் ஒன்றுகூடப் பிரிவதில்லை; ஆதலால் அது வலிமை குறைந்த அமிலம். செறிவு என்பதோ எவ்வளவு நீரில் எவ்வளவு அமிலம் கலந்துள்ளது என்பதைக் குறிக்கும். வலிமைமிகு அமிலத்தையும் நிறைய நீர் சேர்த்து நீர்த்த அமிலமாக்கலாம்.

பகை தணிந்து உப்பு பிறக்கும்

அமிலத்தோடு காரத்தைத் தக்க அளவில் சேர்த்தால் என்ன ஆகும்? ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் கூடி நீராகும். எஞ்சியவை உப்பாகும்.

அமிலம் + காரம் → உப்பு + நீர்

ஹைட்ரோகுளோரிக் அமிலம் + சோடியம் ஹைட்ராக்சைடு → சோடியம் குளோரைடு + நீர்

இதையே நடுநிலையாக்கல் என்கிறோம். தனித்தனியே தோலைப் பொசுக்கும் இரண்டு பொருள்கள் சேர்ந்து, நாம் அன்றாடம் சோற்றில் இடும் உப்பைத் தருகின்றன. ஆனால் இவ்வினையில் வெப்பம் வெளிப்படும் என்பதை இப்போதே மனத்தில் இருத்துங்கள். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

உப்புகள் எல்லாம் நடுநிலையானவை என்று எண்ணிவிடாதீர்கள். வலிமைமிகு அமிலமும் வலிமை குறைந்த காரமும் சேர்ந்து பிறந்த உப்பு நீரில் கரைந்தால் அமிலத்தன்மை காட்டும். படிகாரம் இத்தகையது, கந்தக அமிலத்தின் வலிமை, அலுமினியம் ஹைட்ராக்சைடின் வலிமையை மிஞ்சி நிற்கிறது. வெண்காரமும் சலவைச் சோடாவும் இதற்கு நேர்மாறானவை. நம் முதல் வினாவுக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. படிகாரம் காரமும் அன்று, அமிலமும் அன்று. அது ஓர் உப்பு. அதன் கரைசல் அமிலத்தன்மை உடையது.

அம்மா பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்குவதும் ஒரு நடுநிலையாக்கலே. செம்பின் மீதும் பித்தளையின் மீதும் படியும் ஆக்சைடு காரத்தன்மை உடையது. புளியின் அமிலம் அதைக் கரையும் உப்பாக்கி நீக்கிவிடுகிறது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று பெரியோர் கூறுவதும் இதனால்தான். உலோகம் உப்பாகிக் குழம்பில் கலந்துவிடும்.

சுவருக்கு வெள்ளையடிப்பதைக் கவனியுங்கள். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால் கார்பன் டைஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். அதைச் சுவரில் பூசினால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு என்னும் அமில வாயுவோடு சேர்ந்து மீண்டும் சுண்ணாம்புக் கல்லின் பொருளாகவே இறுகுகிறது. பழைய சென்னையின் மாளிகைகளில் பளிங்குபோல் மின்னிய சுவர்ப்பூச்சு கிளிஞ்சல் சுண்ணாம்பால் ஆனதே.

நம் வட்டாரத்தில்

பரங்கிமலை–பூவிருந்தவல்லி சாலையில் சற்றே கண் திறந்து நடந்தால் இப்பாடம் முழுவதையும் காணலாம்.

ஐயப்பன்தாங்கல் டிப்போவிலிருந்து புறப்படும் டீசல் பேருந்துகளின் பாட்டரியை எண்ணுங்கள். ஈயத் தகடுகளுக்கு இடையே நீர்த்த கந்தக அமிலம் இருக்கிறது; எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமிலம். அமிலக் கசிவால் பாட்டரி முனைகளில் படியும் உப்பு போன்ற படிவை மெக்கானிக்குகள் சமையல் சோடாக் கரைசலால் துடைப்பார்கள். நுரை எழும். அது நடுநிலையாக்கலின்போது வெளிப்படும் கார்பன் டைஆக்சைடு.

வடக்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் இரும்புக்கு முலாம் பூசும் பட்டறைகளில், முலாம் பூசுமுன் இரும்பை முதலில் காரக் கரைசலில் முக்குவர்; எண்ணெய்ப் பசை நீங்கும். பின்னர் அமிலத்தில் முக்குவர், துரு நீங்கும். எண்ணெய்க்குக் காரம், துருவுக்கு அமிலம் என்று இரண்டுக்கும் தனித்தனிப் பணி உண்டு.

தெற்கே சென்றால் குரோம்பேட்டை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு அமைந்த குரோம் தோல் தொழிற்சாலையால் ஓர் ஊருக்கே வேதியியற் பெயர் வந்தது. பச்சைத் தோலை முதலில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைப்பர், பி.எச். 12 அளவுக்கு உயரும். மயிர் தளர்ந்து கழன்றுவிடும். பின்னர்ச் சுண்ணாம்பை நீக்கி, உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் இடுவர், பி.எச். 3 அளவுக்கு இறங்கும். அதன் பின்னரே குரோமிய உப்பு தோலினுள் ஊடுருவிப் பதனிடும். ஒரு செருப்பு நம் காலுக்கு வருமுன் அதன் தோல் காரத்தின் உச்சியிலிருந்து அமிலத்தின் ஆழம்வரை சென்று வந்திருக்கிறது! இத்தொழிலை ஆராய்வதற்கென்றே அடையாற்றில் 1948ஆம் ஆண்டில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஆனால் கழிவு நீரைச் சுத்திகரிக்காமல் விட்டதால் பாலாற்றங்கரை ஊர்களின் கிணறுகளும் நிலங்களும் பாழாயின. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், மாசுபடுத்துவோரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மேற்கே பூவிருந்தவல்லியைத் தாண்டியதும் செம்பரம்பாக்கம் ஏரி. சென்னை மாநகரின் தாகம் தீர்க்கும் ஏரிகளுள் ஒன்றான அங்கு நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மையாக்கவல்ல நிலையம் 2007ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஏரி நீரில் கலங்கியிருக்கும் நுண்ணிய மண் எளிதில் கீழே படியாது. இத்தகைய சுத்திகரிப்பு நிலையங்களில் பொதுவாகப் படிகார வகையைச் சேர்ந்த அலுமினியம் சல்ஃபேட்டைச் சேர்ப்பர். அது நீரில் இயல்பாக உள்ள பைகார்பனேட்டோடு வினைபுரிந்து கூழ் போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடாகி, மண்ணை அணைத்துக்கொண்டு அடியில் படியும். இதனால் நீரின் பி.எச். சற்றே இறங்கும், தேவையானால் சுண்ணாம்பு சேர்த்து அதைச் சரிசெய்வர். குடிநீரின் பி.எச். 6.5க்கும் 8.5க்கும் இடையே இருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். மிகவும் அமிலமான நீர் குழாய்களை அரிக்கும். மிகவும் காரமான நீரில் குளோரின் தன் கிருமிநாசினிப் பணியைச் சரிவரச் செய்யாது. குடத்தில் கலங்கல் நீரைப் பிடித்துப் படிகாரக் கட்டியால் சுழற்றிய நம் பாட்டிமாரும் இதே வேதியியலைத்தான் செய்தனர்.

வீட்டில் கவனம்

மாணவியரே, பெற்றோரே, இனி வருவதே இக்கட்டுரையின் முதன்மையான பகுதி. அமிலமும் காரமும் தொழிற்சாலையில் மட்டும் இல்லை. நம் குளியலறை மூலையிலும் இருக்கின்றன.

முதலாவது: கழிவறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். “இரண்டும் அழுக்கைப் போக்குபவை, சேர்த்தால் இன்னும் நன்றாகப் போக்கும்” என்று எண்ணுவது பெருந்தவறு. அமிலம் பட்டவுடன் பிளீச்சிங் பவுடரிலிருந்து குளோரின் வாயு வெளிப்படும். அது நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயு. கதவு மூடிய சிறு குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகும். தவறி நேர்ந்துவிட்டால் உடனே வெளியேறி நல்ல காற்றுள்ள இடத்துக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இரண்டாவது: அமிலத்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் குழந்தைக்கு அதன் வேறுபாடு தெரியாது. வாங்கிய கொள்கலனிலேயே, பெயர்ச்சீட்டோடு, உயரமான இடத்தில் வையுங்கள். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது புண்ணாக்கிய அமிலம் ஏறும்போதும் புண்ணாக்கும். 108க்கு அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மூன்றாவது: சுண்ணாம்பை எளிதாக எண்ணாதீர்கள். வெற்றிலைக்கென விற்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் அழுத்தி விளையாடும்போது அது பீறிட்டுக் கண்ணில் தெறிக்கிறது. அமிலத்தைவிடக் காரம் கண்ணின் உட்புறத்துக்கு ஆழமாக ஊடுருவும்; பார்வையையே பறித்துவிடும். கண்ணைக் கசக்காமல், இமைகளை விரித்து, ஓடும் தூய நீரில் குறைந்தது இருபது நிமிடம் தொடர்ந்து கழுவி, தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இங்கே நன்றாகப் படித்த மாணவியே தவறு செய்யக்கூடிய ஓர் இடம் உண்டு. “அமிலத்தைக் காரம் நடுநிலையாக்கும்; ஆகவே கையில் அமிலம் பட்டால் சுண்ணாம்பு பூசலாம், கண்ணில் சுண்ணாம்பு பட்டால் எலுமிச்சை பிழியலாம்” என்று அவள் நினைக்கலாம். கூடவே கூடாது! நடுநிலையாக்கலில் வெப்பம் வெளிப்படும் என்று முன்னர்க் கண்டோம். அவ்வெப்பம் புண்ணை மேலும் சுடும்; சேர்த்த பொருள் அளவு மிஞ்சினால் அதுவும் பொசுக்கும். பாட்டரியில் படிந்த படிவுக்குச் சமையல் சோடா சரி. மனித உடலுக்கு நீர் ஒன்றே முதல் மருந்து. அமிலம் பட்ட உடையைக் களைந்து, நிறைய ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுங்கள்.

ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு விதி: செறிந்த அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது, அமிலத்தைத்தான் சிறிது சிறிதாக நீரில் ஊற்ற வேண்டும். அமிலத்தின் மேல் நீரை ஊற்றினால் வெளிப்படும் வெப்பத்தால் அது கொதித்து முகத்தில் தெறிக்கும்.

நான்காவதாக ஒன்று கூறாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. அமிலத்தை ஆயுதமாக்கிப் பெண்களின் முகத்தைச் சிதைத்த கொடுமைகள் நம் நாட்டில் நிகழ்ந்துள்ளன. 2005ஆம் ஆண்டில் டெல்லியில், உங்களில் பலருடைய வயதையே ஒத்த பதினைந்து வயதில் தாக்கப்பட்டவர் லக்ஷ்மி அகர்வால். அவர் ஒடுங்கிப் போகாமல் 2006இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தொடுத்தார். அதன் பயனாக, வாங்குவோரின் விவரங்களைப் பதிவு செய்யாமலும் அடையாளச் சான்று பாராமலும் கடைகளில் அமிலம் விற்கக் கூடாது, 18 வயது நிறையாதவர்க்கு விற்கவே கூடாது என்று 2013 ஜூலை மாதத்தில் ஆணை பிறந்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தனியார் மருத்துவமனைகளும் இலவசமாக முழுச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று 2015இல் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இவற்றை ஒவ்வொரு பெண்ணும் அவள் பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும். உங்களை யாரேனும் அச்சுறுத்தினால் மறைக்காமல் பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ அருட்சகோதரியரிடமோ அன்றே கூறுங்கள். அச்சுறுத்தியவனுடையதே குற்றம், உங்களுடையது அன்று.

சிந்தித்து விடை காண்க

1. ஒரு நிறமற்ற நீர்மத்தில் மஞ்சள் தாள் நிறம் மாறவில்லை. அது அமிலம் என்று முடிவு செய்யலாமா? வேறு எச்சோதனை செய்வீர்?

2. பி.எச். 4 உள்ள நீர், பி.எச். 7 உள்ள தூய நீரைவிட எத்தனை மடங்கு அமிலத்தன்மை மிக்கது?

3. தம்பியின் கையில் பாட்டரி அமிலம் பட்டுவிட்டது. வீட்டில் சுண்ணாம்பும் சமையல் சோடாவும் குழாய் நீரும் உள்ளன. எதை எடுப்பீர்? ஏன்?

முடிவுரை

அமிலம் தீயது அன்று. அது இன்றேல் நம் உணவு செரிக்காது. காரமும் தீயது அன்று. அது இன்றேல் சோப்பும் இல்லை, வெள்ளைச் சுவரும் இல்லை. இன்னதென்று அறியாமல் கையாள்வதே தீமையைத் தருகிறது. எனவே பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல் சோதித்து அறிவோம்; அறிந்தபின் அளவோடும் கவனத்தோடும் பயன்படுத்துவோம். இந்த விடுமுறையில் ஒவ்வொருவரும் பத்து மஞ்சள் தாள்களைச் செய்து வீட்டிலுள்ள பொருள்களைச் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கழிவறை அமிலம், பிளீச்சிங் பவுடர் இரண்டையும் மட்டும் தொடாதீர்கள். அவை தனித்தனியாக, உயரத்தில், பெயர்ச்சீட்டோடு இருக்கின்றனவா என்று அம்மாவோடு சேர்ந்து பார்த்துவிடுங்கள். இப்பாடத்தின் முதல் வீட்டுப்பாடம் அதுவே.

பொசுக்கும் இரண்டு பொருள்கள் தத்தம் கொடுமையை விட்டு ஒன்றுசேரும்போது உப்பு பிறக்கிறது. நீங்கள் உலகிற்கு உப்பாக இருக்கிறீர்கள் என்று தம் சீடரிடம் கூறினார் நம் ஆண்டவர். நாமும் சினத்தையும் கசப்பையும் விட்டு, சேர்ந்த இடத்துக்குச் சுவையும் காப்பும் தருபவர்களாய் வாழ்வோமாக!